குலியெல்மோ மார்க்கோனி (1874 - 1937): கம்பமும் கம்பியும் கொண்டு கடலைக் கடந்தவர்

மாணவர்களே, வானொலி பற்றிய வினா வந்தால் பெரும்பாலானோர் வானொலியைக் கண்டுபிடித்தவர் மார்க்கோனி என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகின்றனர். அவ்விடை முழுமையானதன்று. மின்காந்த அலைகள் இருக்க வேண்டும் என்பதைக் கணித முறையில் காட்டியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மக்ஸ்வெல். அவற்றை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டியவர் ஜேர்மனியரான ஹேட்ஸ். அவ்வலைகளை உணரும் கருவியைத் திருத்தி அமைத்தவர்கள் பிரான்ஸ் நாட்டுப் பிரான்லியும் இங்கிலாந்து நாட்டு லொட்ஜும் ஆவர். அப்படியாயின் மார்க்கோனி செய்தது என்ன? ஆய்வுகூட மேசையின் மேல் இருந்த அலையை அவர் கடல் கடக்கச் செய்தார். அதற்கு அவருக்குப் பெரிதும் உதவியது உயரத்தில் கட்டிய கம்பியும், அதைத் தாங்கிய கம்பமும், நிலத்துடன் செய்த புவித்தொடுப்புமே. இக்கோணத்தில் அவரது வாழ்க்கையைப் படித்தால் விஞ்ஞானப் பாடத்தின் அலைகள் என்னும் அலகும் எளிதில் விளங்கும்.

1. பிறப்பும் இளமையும்

குலியெல்மோ மார்க்கோனி 1874 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25 ஆம் திகதி இத்தாலியின் பொலோஞ்ஞா நகரிற் பிறந்தார். தந்தையார் கியுசெப்பே மார்க்கோனி நிலபுலம் உடையவர். தாயார் அன்னி ஜேம்சன் அயர்லாந்தைச் சேர்ந்தவர். பொலோஞ்ஞாவுக்கு அண்மையில் பொன்தெக்கியோ என்னும் இடத்தில் இருந்த வில்லா கிரிபோனே என்ற குடும்ப மாளிகையிலேயே அவரது இளமைக் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

பாடசாலைக் கல்வியில் மார்க்கோனி சிறந்து விளங்கியவர் அல்லர். பல்கலைக்கழக மாணவனாகச் சேரும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் பௌதிகத்தில் அவருக்கு இருந்த ஆர்வத்தைக் கண்ட பேராசிரியர் ஒகுஸ்தோ ரீகி, தமது விரிவுரைகளைக் கேட்கவும் ஆய்வுகூடத்தைப் பார்வையிடவும் இடமளித்தார். 1894 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹேட்ஸ் காலமானார். அவரைப் பற்றி ரீகி எழுதிய கட்டுரையை அவ்வருட விடுமுறையில் வாசித்த மார்க்கோனிக்கு வயது 20. இந்த அலைகளைக் கொண்டு கம்பி இல்லாமலே தந்தி அனுப்பலாமே என்ற எண்ணம் அவர் மனதில் அப்போது தோன்றியது.

2. உயரம் கற்பித்த பாடம்

வில்லா கிரிபோனேயின் மேல்மாடி அறையில் மார்க்கோனி பரிசோதனைகளைத் தொடங்கினார். தூண்டற் சுருள் ஒன்றினால் தீப்பொறியை உண்டாக்கி அலைகளை எழுப்பினார். உலோகத்தூள் நிரப்பிய சிறு கண்ணாடிக் குழாயினால் அவற்றை உணர்ந்தார். முதலில் அலைகள் அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மட்டுமே சென்றன. ஏனையோரும் ஏறத்தாழ இந்த நிலையிலேயே நின்றிருந்தனர்.

1895 ஆம் ஆண்டில் அவர் ஒரு மாற்றத்தைச் செய்தார. தீப்பொறிக் கருவியின் ஒரு முனையைக் கம்பத்தின் உச்சியில் இருந்த உலோகப் பெட்டியுடன் இணைத்தார். மற்ற முனையை நிலத்துடன் தொடுத்தார். வாங்கும் கருவிக்கும் அவ்வாறே செய்தார். அதன் பின்னர் பெற்ற அளவீடுகளை அவரே பிற்காலத்தில் வெளியிட்டுள்ளார். 30 சென்ரிமீற்றர் பக்கமுள்ள தகரப் பெட்டிகளைப் பயன்படுத்தியபோது கிடைத்தவை இவை:

கம்பத்தின் உயரம் 2 மீற்றர் - செய்தி சென்ற தூரம் 30 மீற்றர்
கம்பத்தின் உயரம் 4 மீற்றர் - செய்தி சென்ற தூரம் 100 மீற்றர்
கம்பத்தின் உயரம் 8 மீற்றர் - செய்தி சென்ற தூரம் 400 மீற்றர்

இவ்வளவீடுகளை ஊன்றிக் கவனியுங்கள். உயரம் இரு மடங்காகும்போது தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது. கருவியின் வலுவைக் கூட்டாமல், கம்பத்தை உயர்த்தியதாலேயே இவ்வளவு பயன் கிடைத்தது. 8 மீற்றர் கம்பத்தில் 1 மீற்றர் பக்கமுள்ள பெரிய பெட்டியை வைத்தபோது தூரம் 2400 மீற்றர் ஆயிற்று. இடையில் குன்று இருந்தும் செய்தி சென்றது. குன்றுக்கு அப்பால் நின்றோர் செய்தி கிடைத்ததை வேட்டைத் துப்பாக்கியால் வெடி வைத்து அறிவித்தனர் என்று கூறப்படுகின்றது.

வானத்தில் நிற்கும் இக்கம்பியையே ஏரியல் என்றும் அன்ரெனா என்றும் அழைக்கின்றோம். ருசியரான பொப்போவும் அக்காலத்தில் மின்னலை உணர்வதற்கு உயரமான கம்பியைப் பயன்படுத்தினார். ஆயினும் அதைச் செய்தித் தொடர்புக்கான முழுமையான முறையாக வளர்த்து, வணிகமாகவும் நடத்திக் காட்டியவர் மார்க்கோனியே.

3. இங்கிலாந்தில்: சில மீற்றர் கம்பி செய்த வேலை

1896 பெப்ரவரியில் மார்க்கோனி தாயாருடன் இங்கிலாந்து சென்றார். அவ்வருடம் யூன் 2 ஆம் திகதி தமது முறைக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். பிரித்தானியத் தபாற்றிணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் வில்லியம் பிறீஸ் அவருக்கு ஆதரவளித்தார்.

1897 மே மாதத்தில் பிரிஸ்ரல் கால்வாயில் ஒரு முக்கிய பரிசோதனை நடைபெற்றது. பிளற் ஹோம் என்னும் சிறு தீவிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவிலுள்ள லவேர்னொக் முனைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கடலோரக் குன்றின் மேல் கம்பம் நாட்டப்பட்டது. கருவிகள் அதன் அடியில் வைக்கப்பட்டன. ஆனால் தெளிவான செய்தி எதுவும் கிடைக்கவில்லை. கூடியிருந்தோர் மனம் தளர்ந்தனர். அப்போது கருவியைக் குன்றின் அடியிலுள்ள கடற்கரைக்கு இறக்கி, ஏறத்தாழ 18 மீற்றர் நீளமான கம்பியை மேலதிகமாகத் தொடுத்தனர். உடனே செய்தி தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. கருவியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. கம்பியின் நீளம் கூடியதே வெற்றிக்குக் காரணம். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜேர்மனியப் பேராசிரியர் ஸ்லாபி, நாடு திரும்பியதும் அதே முறையில் ஆய்வுகளைத் தொடங்கினார்.

1899 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாய்க்குக் குறுக்கே, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே செய்தி அனுப்பப்பட்டது. 1900 ஆம் ஆண்டில் மார்க்கோனி இசைவாக்கல் தொடர்பான ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். இது 7777 என்ற இலக்கத்தால் புகழ்பெற்றது. அனுப்பும் சுற்றும் வாங்கும் சுற்றும் ஒரே மீடிறனில் பரிவுறுமாறு அமைத்தால், ஒரே வேளையில் பல நிலையங்கள் ஒன்றையொன்று குழப்பாமல் இயங்கலாம் என்பதே இதன் பயன்.

4. சரிந்து வீழ்ந்த கம்பங்கள்

அடுத்து மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க எண்ணினார். இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியிலுள்ள போல்டு என்னும் இடத்தில் ஒரு பெரிய நிலையமும், அமெரிக்காவின் கேப் கொட் பகுதியில் இன்னொரு நிலையமும் அமைக்கப்பட்டன. போல்டுவின் அனுப்பும் கருவியை வடிவமைத்தவர் பேராசிரியர் பிளெமிங்.

போல்டுவில் 61 மீற்றர் உயரமான 20 கம்பங்கள் வட்டமாக நாட்டப்பட்டன. அவற்றில் 400 கம்பிகளைக் கவிழ்த்த கூம்பு வடிவிற் கட்டுவது திட்டம். கம்பங்களின் தலைகள் ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. இவ்வமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு கம்பமும் தன்னளவில் நான்கு புறமும் இழுத்துக் கட்டப்படவில்லை. அயற் கம்பத்தையே அது நம்பி நின்றது. ஒன்று சாய்ந்தால் எல்லாம் சாயும். கேப் கொட் நிலையத்தை அமைத்த பொறியியலாளர் விவியன் இந்த ஆபத்தை முன்னரே எடுத்துக் கூறினார். அவரது கருத்து ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

1901 செப்ரெம்பர் 17 ஆம் திகதி வீசிய புயலில் போல்டுக் கம்பங்கள் சரிந்தன. நவெம்பர் 25 ஆம் திகதி கேப் கொட் கம்பங்களும் அவ்வாறே வீழ்ந்தன. பெரும் பணமும் ஒரு வருட உழைப்பும் வீணாயின.

மார்க்கோனி திட்டத்தைக் கைவிடவில்லை. சுருக்கிக்கொண்டார். போல்டுவில் இரண்டு கம்பங்களை மட்டும் நாட்டி, அவற்றுக்கிடையே 54 கம்பிகளை விசிறி வடிவிற் கட்டுவித்தார். மறுகரையில் கம்பம் நாட்டக் காலம் இல்லை. எனவே பலூன்களையும் பட்டங்களையும் எடுத்துக்கொண்டு, கெம்ப், பஜெற் என்னும் இரு உதவியாளருடன் கனடாவுக்குக் கிழக்கேயுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குப் புறப்பட்டார்.

5. பட்டத்திற் கட்டிய ஏரியல்

நியூபவுண்ட்லாந்தில் சென் ஜோன்ஸ் நகரருகே உள்ள சிக்னல் குன்றில் அவர்கள் கருவிகளை அமைத்தனர். பலூன் ஒன்று காற்றில் அறுந்து போயிற்று. 1901 டிசெம்பர் 12 ஆம் திகதி முதலில் ஏற்றிய பட்டமும் அறுந்தது. அடுத்த பட்டம் நின்றது. ஏறத்தாழ 150 மீற்றர் நீளமான கம்பி அதிலிருந்து கீழிறங்கிக் கருவியை அடைந்தது.

பட்டம் ஏற்றிப் பழகிய மாணவருக்கு இங்கு ஏற்பட்ட சிக்கல் விளங்கும். பலத்த காற்றிற் பட்டம் ஒரு நிலையில் நில்லாது. மேலே எழும், தாழும், பக்கவாட்டில் ஓடும். பட்டம் அசையும்போது கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறும். அதனால் ஏரியலின் கொள்ளளவமும் மாறும். கொள்ளளவம் மாறினால் இசைவு குலையும். ஆகவே இசைவாக்கிய கருவியைப் பயன்படுத்த முடியவில்லை. நாடாவிற் புள்ளியும் கோடும் பதியும் கருவியையும் விட்டு, மார்க்கோனி தொலைபேசியின் கேட்கும் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நண்பகல் 12.30 மணியளவில் மூன்று சிறு ஒலிகளைக் கேட்டதாக அவர் அறிவித்தார். மோர்ஸ் குறியீட்டில் அது எஸ் என்னும் எழுத்து. கெம்பும் அதனைக் கேட்டார். இடைத்தூரம் ஏறத்தாழ 3400 கிலோமீற்றர்.

உலகம் வியந்தது. ஆனால் ஐயமும் எழுந்தது. நாடாவிற் பதிவு எதுவும் இல்லை. கேட்டவர்கள் அவரும் அவரது உதவியாளருமே. என்ன எழுத்து வரும் என்பதும் அவர்களுக்கு முன்பே தெரியும். இடிமின்னலால் எழும் இரைச்சலை அவர்கள் தவறாக விளங்கிக்கொண்டிருக்கலாம் என்று சிலர் கூறினர். இந்த ஐயம் இன்றுவரை முற்றாகத் தீரவில்லை.

மார்க்கோனி வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. 1902 பெப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலின் உயர்ந்த பாய்மரத்தில் ஏரியலைக் கட்டி அமெரிக்கா நோக்கிப் பயணமானார். இம்முறை இசைவாக்கிய கருவி. நாடாவிலும் பதிவு உண்டு. கப்பற்றலைவரும் சாட்சியாகக் கையொப்பமிட்டார். இரவு வேளையில் முழுச் செய்திகள் ஏறத்தாழ 2500 கிலோமீற்றர் வரையும், எஸ் எழுத்து அதனினும் தொலைவிலும் பதிவாகின. ஆனால் பகலில் ஏறத்தாழ 1100 கிலோமீற்றருக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. தம் கூற்றை நிறுவச் செய்த பரிசோதனையே, தாம் நண்பகலிற் கேட்டதன் மீது ஐயத்தைக் கூட்டுவதாக அமைந்தபோதும் அவர் அதை மறைக்கவில்லை. ஆகவே விடை எழுதும்போது, 1901 இல் செய்தி கிடைத்ததாக மார்க்கோனி அறிவித்தார் என்றும், 1902 இல் அது பதிவுகளோடு நிறுவப்பட்டது என்றும் பிரித்து எழுதுவதே சரியானது.

வளைந்த பூமியைச் சுற்றி அலை சென்றது எவ்வாறு? வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அலையைத் திருப்பும் படை ஒன்று இருக்க வேண்டும் என 1902 இல் கெனலியும் ஹெவிசைட்டும் கூறினர். 1924 இல் அப்பிள்ரன் அதனைப் பரிசோதனை மூலம் நிறுவினார். அதுவே அயன்மண்டலம்.

6. உறுதியான கோபுரங்களும் டைட்டானிக்கும்

வீழ்ந்த கம்பங்களின் பாடத்தை மார்க்கோனி மறக்கவில்லை. போல்டுவிலும் கனடாவின் கிளேஸ் பேயிலும் அகன்ற அடியையுடைய நான்கு மரக் கோபுரங்கள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 60 மீற்றருக்கு மேல் உயரமானது. ஒவ்வொன்றும் தன் காலில் நின்றது. 1902 டிசெம்பரில் கிளேஸ் பேயிலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து முழுச் செய்தி சென்றது. 1907 இல் அயர்லாந்தின் கிளிப்டனுக்கும் கிளேஸ் பேக்கும் இடையே பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. 1909 இல் மார்க்கோனியும் ஜேர்மனியரான பிரவுணும் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, இரு பாய்மரங்களுக்கு இடையே கட்டிய ஏரியலிலிருந்து சென்ற அபாயச் செய்தி கார்ப்பேதியா கப்பலை எட்டியது. 700 இற்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். 1500 பேரளவில் மாண்டனர். அதன் பின்னர் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தியை இடைவிடாது கண்காணிக்கும் விதிகள் வகுக்கப்பட்டன.

7. குற்றலையும் ஊட்டுக் கம்பியும்

நெட்டலைக்குப் பெரிய கோபுரமும் பெருமளவு மின்வலுவும் வேண்டும். 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்கள் பயனற்றவை எனக் கருதிய அமெரிக்க அரசு, 1912 இல் அவற்றை அமெச்சூர் வானொலியாளருக்கு, அதாவது ஊதியமின்றி ஆர்வத்தால் ஈடுபடுவோருக்கு விட்டுக்கொடுத்தது. அவர்களோ 1921 டிசெம்பரில் தம் சிறு கருவிகளால் அத்திலாந்திக்கைக் கடந்து ஸ்கொட்லாந்து வரை செய்தி அனுப்பி உலகை வியக்க வைத்தனர்.

மார்க்கோனியும் குற்றலையின் பக்கம் திரும்பினார். தமது எலெத்ரா என்ற படகில் 1923 இல் பயணம் செய்து, போல்டுவிலிருந்து வந்த குற்றலைகளை ஆராய்ந்தார். அவரது பொறியியலாளர் பிராங்கிளின் பல கம்பிகளைத் திரைபோல வரிசையாகக் கட்டி, அலையை ஒரே திசையில் செலுத்தும் ஏரியலை அமைத்தார்.

இங்கு ஒரு புதிய சிக்கல் எழுந்தது. கருவியிலிருந்து ஏரியலுக்கு மின்சக்தியைக் கொண்டுசெல்லும் கம்பியே ஊட்டுக் கம்பி எனப்படும். ஏரியலின் எல்லாக் கம்பிகளுக்கும் சக்தி ஒழுங்காகச் சேர வேண்டும். வழியில் ஊட்டுக் கம்பியே அலையை வீசிவிடக் கூடாது. இதற்காக ஒரு செப்புக் குழாயினுள் இன்னொரு செப்புக் குழாயை அமைத்துப் பயன்படுத்தினார் பிராங்கிளின். உட்கடத்தியைச் சூழ்ந்து வெளிக்கடத்தி இருப்பதால் சக்தி உள்ளேயே அடங்கிச் செல்லும். தொலைக்காட்சி அன்ரெனாவுக்குப் பயன்படும் ஓரச்சு வடத்தின் தத்துவமும் இதுவே. 1926 இல் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் இடையே இம்முறையிற் சேவை தொடங்கியது.

8. இறுதிக் காலமும் மதிப்பீடும்

1931 இல் மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலி தொடங்கப்பட்டது. 1937 யூலை 20 ஆம் திகதி அவர் உரோமில் காலமானார். அவரது நினைவாக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

அவரது வாழ்வில் குறைகளும் உண்டு. 1923 இல் அவர் முசோலினியின் பாசிசக் கட்சியிற் சேர்ந்து, இறுதிவரை அவ்வாட்சிக்கு ஆதரவாக இருந்தார். இசைவாக்கல் தொடர்பான அவரது அமெரிக்க ஆக்கவுரிமையின் முக்கிய பகுதிகள், லொட்ஜ், ரெஸ்லா, ஸ்ரோன் ஆகியோர் முன்னரே செய்தவை என 1943 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் சாதனையை எழுதும்போது இவற்றையும் எழுதுவதே நேர்மை.

9. இன்றைய அமெச்சூர் வானொலியாளருக்கு அவர் வாழ்வு தரும் பாடங்கள்

(அ) நல்ல ஏரியலே முதல் தேவை. வலுவைக் கூட்டுவதற்கு முன் கம்பியை உயர்த்த வேண்டும்.

(ஆ) கம்பியின் நீளம் அலைநீளத்துக்குப் பொருந்த வேண்டும். உதாரணமாக, மீடிறன் 7.1 மெகாஹேட்ஸ் ஆயின், அலைநீளம் = கதி ÷ மீடிறன் = 300 000 000 ÷ 7 100 000 = ஏறத்தாழ 42 மீற்றர். நிலத்துடன் தொடுத்த நிலைக்குத்துக் கம்பிக்கு இதன் காற்பங்கு, அதாவது ஏறத்தாழ 10.5 மீற்றர் வேண்டும். நடைமுறையில் இதிலும் சிறிது குறைவாகவே அமையும்.

(இ) கோபுரம் தன்னளவில் உறுதியாக நிற்க வேண்டும். இழுத்துக் கட்டும் கம்பிகளை வெவ்வேறு திசைகளில் நிலத்திற் பதிக்க வேண்டும். மின்கம்பிகளுக்கு அருகில் ஒருபோதும் கம்பம் நாட்டலாகாது. சாய்ந்தாலும் மின்கம்பியிற் படாத தூரம் இருக்க வேண்டும்.

(ஈ) ஊட்டுக் கம்பி நீளும்போது அதில் இழக்கும் சக்தியும் கூடும். வெளியிலுள்ள இணைப்புகளுக்குள் மழைநீர் புகாது அடைக்க வேண்டும்.

(உ) மின்னலிலிருந்து பாதுகாக்கப் புவித்தொடுப்பு அவசியம். இடிமுழக்க வேளையில் ஏரியலைத் தொடலாகாது.

இலங்கையில் அமெச்சூர் நிலையம் நடத்துவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தொலைபேசித் தொடர்புகள் செயலிழந்த அம்பாந்தோட்டையில், அமெச்சூர் வானொலியாளரே சிறு கருவிகளோடும் கட்டிய கம்பிகளோடும் செய்தித் தொடர்பை ஏற்படுத்தி உதவினர். இளைஞர் ஒருவர் நூறாண்டுகளுக்கு முன் கம்பத்தில் ஏற்றிய கம்பியின் பயன் அன்று நம் நாட்டிலும் தெரிந்தது.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1874 - பிறப்பு
1895 - உயர்ந்த ஏரியலும் புவித்தொடுப்பும்
1896 - ஆக்கவுரிமை விண்ணப்பம்
1897 - பிரிஸ்ரல் கால்வாய்ப் பரிசோதனை
1901 - சிக்னல் குன்று
1902 - பிலடெல்பியா கப்பற் பரிசோதனை
1909 - நோபல் பரிசு
1926 - குற்றலைத் திசைச் சேவை
1937 - மறைவு

பயிற்சி வினாக்கள்

1. ஏரியலின் உயரத்துக்கும் செய்தி சென்ற தூரத்துக்கும் இடையே மார்க்கோனி கண்ட தொடர்பை அளவீடுகளுடன் விளக்குக.
2. போல்டு, கேப் கொட் ஆகிய இடங்களில் கம்பங்கள் வீழ்ந்தமைக்கான காரணத்தைக் கூறுக. பின்னர் கட்டிய கோபுரங்கள் எவ்வகையில் வேறுபட்டன?
3. பட்டம் அசைந்தமையால் இசைவாக்கிய கருவியைப் பயன்படுத்த முடியாமற் போனது ஏன்?
4. 1901 ஆம் ஆண்டுச் செய்தி பற்றி ஐயம் எழுந்தமைக்கு மூன்று காரணங்கள் தருக.
5. மீடிறன் 15 மெகாஹேட்ஸ் ஆயின் அலைநீளத்தையும் அதன் காற்பங்கையும் காண்க. (விடை: 20 மீற்றர், 5 மீற்றர்)